சீல் மாற்றியும் ஆயில் கசிவது ஏன்?

புது ஆயில் சீல் போட்ட சில வாரங்களில் மறுபடியும் கசிவா? சீலைக் குறை சொல்லும் முன் என்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பாருங்கள்.

சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். புது என்ஜினிலும் இது உண்டு. பழைய கார்களில் அதை ஒரு குழாய் வழியே சாலையில் விட்டுவிடுவார்கள். புகைமூட்டத்தால் தவித்த கலிபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில் பி.சி.வி. வால்வு வந்தது, வாயுவை இன்டேக்குக்கே உறிஞ்சி மறுபடி எரிக்கும் ஏற்பாடு.

அந்த வால்வோ ஹோஸோ கசடால் அடைத்தால் வாயுவுக்குப் போக்கிடமில்லை. ஆயில் சீல்கள் ஆயில் தெறிப்பைத் தடுக்கத்தான். அழுத்தத்தைத் தாங்க அல்ல. மூடியிட்ட பானையில் ஆவி மூடியைத் தூக்குவதுபோல, வாயு பலவீனமான இடத்தில் ஆயிலைத் தள்ளும். வால்வு கவர் கேஸ்கெட், கிராங்கின் பின்பக்க சீல் என ஒரே சமயத்தில் பல இடங்கள் நனையும். டிப்ஸ்டிக் மேலெழும்பி நிற்பது வலுவான தடயம்.

பெட்ரோல் என்ஜின் ஐடிலில் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின் மேல் மெல்லிய தாளை வையுங்கள். லேசாக ஒட்டினால் நல்லது. தாள் தூக்கி எறியப்பட்டால் உள்ளே அழுத்தம். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் பல மாடல்களில் கலகலக்க வேண்டும். ஹோஸ்களையும் பாருங்கள், வால்வை மட்டும் மாற்றி விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

எல்லாம் சுத்தமாக இருந்தும் தாள் பறந்தால், ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் அவசியம்.