எழுபத்தெட்டு... ஓரம் கட்டு!

"வெள்ளைக் கார், எழுபத்தெட்டு!"

வாக்கி டாக்கி கரகரக்கிறது. சாலையோரம் நின்றிருந்த காவலர் பாதி டீயை வண்டியின் பானெட் மேல் வைத்துவிட்டு, ஒளிரும் பச்சை ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுகிறார். சென்னை காமராஜர் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை. மெரினா பக்கம் நடைப்பயிற்சிக் கூட்டம், இந்தப் பக்கம் அகலமான காலிச் சாலை. இப்படி ஒரு சாலையைப் பார்த்தால் எந்த வலது காலுக்கும் அழுத்தத் தோன்றும். அப்படித் தோன்றியவர்கள் வந்து சேரும் இடத்தில்தான், அனுமதி வாங்கிக்கொண்டு, போக்குவரத்துப் போலீஸ் குழுவோடு நிற்கிறேன். வாங்க, நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அந்த ஒயரை மட்டும் மிதித்துவிடாதீர்கள், ஏட்டு திட்டுவார்.

முதலில் வேகம் பிடிக்கும் போலீஸ் வண்டிக்குள் எட்டிப் பார்ப்போம். இன்டர்செப்டர் என்ற பெயரைக் கேட்டு விண்கலம் மாதிரி எதையோ எதிர்பார்த்துப் போனேன். டேஷ்போர்டில் சின்னப் பிள்ளையார், சார்ஜர் ஒயர்களின் சிக்கல், பிரின்டருக்கான பேப்பர் சுருள்கள், வியர்வை துடைத்துக் காயப்போட்ட துண்டு, பிரிக்காத இட்லிப் பொட்டலம். பின்சீட்டில் ஆரஞ்சு நிறக் கூம்புகள். நடுவில் ஒரு பையில் மோர் பாக்கெட்டுகள்! கோடை வந்தால் போக்குவரத்துப் போலீசாருக்கு மோர் கொடுப்பது தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடப்பதுதான். "இதுக்குன்னு ஒரு கூட்டமே கண்ணு வெச்சிருக்கும் சார்" என்று பையை நகர்த்தி வைக்கிறார் ஏட்டு. எனக்கும் ஒன்று கிடைத்தது.

சரி, ஸ்பீடு கன். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிடிக்கிறார்கள் என்பதுதானே நம் ஊர் நம்பிக்கை? இங்கே யாரும் ஒளியவில்லை. பட்டப்பகலில், சீருடையில், வண்டிக் கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு காவலர் தூரத்துச் சாலையைப் பார்த்தபடி நிற்கிறார். அவர் குறிவைக்கும் வண்டி நம் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரிகிறது. ஓட்டுநருக்கு நாம் போலீஸ் என்று புரிவதற்குள் எண் திரையில் விழுந்துவிடுகிறது. என்னையும் ஒருமுறை பார்க்க விட்டார். ஒரு ஆட்டோ, முப்பத்தொன்பது. அனுமதி நாற்பது. பிழைத்துப் போ தம்பி!

சென்னை நகருக்குள் 2023 நவம்பர் முதல் கணக்கு இதுதான்: காருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், இருசக்கர வாகனத்துக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் எல்லாருக்கும் 30. கருவி தப்பாகக் காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கோணலாப் பிடிச்சா நம்பர் குறைச்சுத்தான் காட்டும் சார், கூட்டிக் காட்டாது. லாபம் அவங்களுக்குத்தான்" என்றார் துப்பாக்கிக்காரர். ஓரமாக நின்று பிடித்தால் அப்படித்தான், அது கணக்குப் பாடம்.

இனி வெள்ளைக் காருக்கு வருவோம். இண்டிகேட்டர் போட்டு, மிக மரியாதையாக ஓரம் கட்டுகிறது. கண்ணாடி இறங்குகிறது. அறுபதைத் தாண்டிய பெரியவர், நெற்றியில் திருநீறு, பக்கத்து சீட்டில் பூக்கூடை. எஸ்.ஐ. ஒரு பெண்மணி, குரல் உயரவே இல்லை. "சார், லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ்." பிறகு ஸ்பீடு கன் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். அதில் அவருடைய காரின் படம், வேகம், தூரம், நேரம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்க்கிறார். எண் மாறவில்லை.

"கோயிலுக்கு நேரமாச்சும்மா..."

"சாமி எங்கயும் போகாது சார். பேப்பர் குடுங்க."

பேப்பர் எல்லாம் போனில் இருக்கிறதாம், டிஜிலாக்கரில். அது செல்லும், எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் திறக்க ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. போவது பெங்களூரில் இருக்கும் மகள் போனுக்கு! பெரியவர் அழைக்கிறார். கை நடுக்கத்தில் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிவிடுகிறார். "எத்தனை தடவைப்பா சொல்றது, மெதுவாப் போங்கன்னு! அம்மாகிட்ட சொல்லவா?" என்று மகளின் குரல் கடற்காற்றில் ஒலிக்கிறது. காவலர்கள் அத்தனை பேரும் திடீரென்று கடலை ரசிக்கத் தொடங்குகிறார்கள். எஸ்.ஐ. மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். "அபராதத்தை விட அதுதான் சார் பெரிய தண்டனை" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இந்த இடத்தில் வழக்கமாக வேறு ஒரு காட்சியும் உண்டு. போனை நீட்டி, "அண்ணன் பேசுறாரு, ஒரு நிமிஷம்" என்பார்கள். அன்றைக்கும் ஒருவர் நீட்டினார். எஸ்.ஐ. போனை வாங்கவில்லை, தன் மார்பில் மாட்டியிருந்த சின்னக் கேமராவைக் காட்டினார். "இது ஓடிக்கிட்டு இருக்கு. அண்ணன் சொல்றதும் பதிவாகும், பரவாயில்லையா?" அண்ணனின் இணைப்பு அப்போதே துண்டானது. இவ்வளவுக்கும் மாநிலக் காவல்துறைத் தலைமையகமே இதே சாலையில்தான் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் பறந்து வருகிறார்கள், என்ன தைரியம் பாருங்கள்!

பெரியவரின் காகிதங்கள் திறந்ததும் ஏட்டின் கைக்கருவிக்கு வேலை. வண்டி எண்ணைத் தட்டினால் போதும், உரிமையாளர் பெயர் முதல் இன்ஷூரன்ஸ் காலாவதித் தேதி வரை வரிசையாக வந்து விழுகிறது. பலர் மாட்டுவது இங்கேதான். வேகத்துக்காக நிறுத்தப்பட்டு, இன்ஷூரன்ஸ் முடிந்துபோனதற்கும் சேர்த்துக் கட்டுவார்கள்; அதற்கு முதல் தடவை 2,000 ரூபாய். பெரியவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. வேகத்துக்கு மட்டும் 1,000. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்ந்த தொகை இது.

அடுத்து வந்த இளைஞருக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. பைக் எண்ணைத் தட்டியதும் கட்டாத பழைய சலான்கள் திரையில் எழுந்து நின்றன. ஒன்று ஹெல்மெட், ஒன்று சிக்னல்.

"மேடம், அது என் ஃப்ரெண்டு ஓட்டினது."

"வண்டி உன்னோடதுதானே தம்பி?"

பதில் இல்லை. ஏட்டு சலான் போட்டு பட்டனை அமுக்குகிறார். அமுக்கியதும் விவரம் சர்வருக்குப் போய்விடும். பிறகு கெஞ்சிப் பலனில்லை. பிரின்டர் ஒரு முக்கல் முக்கி நின்றது. பேப்பர் தீர்ந்துவிட்டது! இளைஞரின் முகத்தில் ஒரு நம்பிக்கை ஒளி. ஏட்டு நிதானமாக டேஷ்போர்டிலிருந்து புதுச் சுருளை எடுத்து, வியர்வைக் கையைச் சட்டையில் துடைத்து, மாட்டினார். ஒளி அணைந்தது. கடைசியில் அந்த இளைஞரே தன் போன் டார்ச்சை அடித்து மாட்ட உதவினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காசு கையில் வாங்குவதில்லை. சென்னையில் 2018 முதல் இப்படித்தான். கார்டு தேய்க்கலாம், யு.பி.ஐ.யில் அனுப்பலாம், வீட்டுக்குப் போய் இணையத்திலும் கட்டலாம். நான் தப்பே செய்யவில்லை என்பவர் நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம். ரசீது இல்லாமல் யாராவது பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது. எதையுமே செய்யாமல் விட்டால், வண்டியை விற்கும்போதோ எஃப்.சி. எடுக்கும்போதோ அந்தச் சலான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் குறுக்கே நிற்கும். அதிவேகத்துக்கு லைசென்சை மூன்று மாதமாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே சொல்லியிருக்கிறது. அதற்கான பரிந்துரை போலீசிடமிருந்து ஆர்.டி.ஓ.வுக்குப் போகும், அங்கிருந்து விளக்கம் கேட்டு உங்களுக்குக் கடிதம் வரும். ஆயிரம் ரூபாயோடு போயிற்று என்று விசிலடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெயில் ஏறிவிட்டது. தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் சிவப்புக் கோடு. டீ ஆறிப்போய் பானெட்டிலேயே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி நிற்கும் கண்ணகி சிலையைக் காட்டி, "இந்த ரோட்டுல நமக்கு முன்னாடியே கை நீட்டி நியாயம் கேட்டது அந்தம்மாதான் சார்" என்கிறார் ஓடி ஓடி வண்டி மறிக்கும் காவலர். அவர் வேலைதான் இருப்பதிலேயே ஆபத்தானது என்று எனக்குப் பட்டது. எழுபது எண்பதில் வரும் வண்டிக்கு முன்னால் கையை நீட்ட வேண்டும். அது நிற்குமா என்பது நின்ற பிறகுதான் தெரியும். நிற்காமல் பறந்தால் துரத்துவதில்லை. "எண் இருக்கு, படம் இருக்கு. சலான் வீட்டுக்குப் போயிடும். துரத்தி அவன் விழுந்தா யார் பதில் சொல்றது?"

மோரைக் குடித்தபடி எஸ்.ஐ. ஒரு கணக்கு சொன்னார். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அதிவேகத்தால் நடந்த விபத்துகளில் இறந்தவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 17,884. "அந்த வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்றதும் எங்க ஆளுங்கதான் சார். அதுக்கு வண்டி ஓட்டுறவங்ககிட்ட திட்டு வாங்குறது மேல்."

வாக்கி டாக்கி மறுபடி கரகரக்கிறது. "கறுப்பு பைக், எண்பத்தொன்று!" காவலர் ஓடுகிறார். நாம் கிளம்புவோம், இட்லியாவது சாப்பிடட்டும் அவர்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை. சலான் விவரம் உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும், ஆர்.சி. பதிவில் பழைய போன் எண் இருந்தால் வராது. பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணையும், சேஸிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கங்களையும் போட்டு இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அப்படியே இன்ஷூரன்ஸ் தேதியையும்.