கிக் அடித்தால் காலைத் திருப்பி அடிக்கும் பழைய பிரிட்டிஷ் பைக்: கோளாறு எங்கே?

பட்டனைத் தொட்டதும் கிளம்பும் வண்டிகளுக்குப் பழகியவர்களுக்கு, 1960-களின் டிரயம்ஃப் போனவில், நார்ட்டன் கமாண்டோ போன்ற பிரிட்டிஷ் பைக்குகள் ஒரு சோதனைதான். சில நாள் ஒரே உதையில் கிளம்பும். சில நாள் பத்து உதை உதைத்தாலும் ‘ம்ஹூம்’. அதைவிட மோசம், கிக்கர் ‘பட்’டென்று திருப்பி அடிப்பது. 650 சிசி இன்ஜின் திருப்பி அடித்தால் கணுக்கால் பிசகலாம், எலும்புகூட முறியலாம்.

இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகும் சில வண்டிகள் முரண்டு பிடிக்கின்றன. ஏன்?

கிக்கர் ஏன் திருப்பி அடிக்கிறது?

பெட்ரோல் எரிந்து முடிய கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் வர வேண்டும். இன்ஜின் வேகம் கூடக் கூட, ஸ்பார்க்கும் இன்னும் முன்னதாக வர வேண்டும். 1963-க்குப் பிந்தைய போனவில்லில் இது அதிகபட்சம் சுமார் 38 டிகிரி.

கிக் அடிக்கும்போது இன்ஜின் மெதுவாகத்தான் சுற்றும். அப்போதும் அவ்வளவு சீக்கிரம் ஸ்பார்க் வந்துவிட்டால், மேலே ஏறும் பிஸ்டனை அது பாதியிலேயே கீழே தள்ளிவிடும். இன்ஜின் பின்பக்கமாகச் சுற்றும். அந்த அடி கிக்கர் வழியே காலுக்கு வரும்.

புது பாக்ஸ், புது சிக்கல்

போனவில்லில் 1962 வரை மேக்னெட்டோ இருந்தது. அதற்கு பேட்டரியே தேவையில்லை. பிறகு பேட்டரி, காயில், மெக்கானிக்குகள் ‘சி.பி. பாயின்ட்’ என்று சொல்லும் பாயின்ட் வந்தன. பாயின்ட் தேயும், அடிக்கடி சரிசெய்ய வேண்டும். ஆனால் பேட்டரி இறங்கினால் ஸ்பார்க் பலவீனமாகுமே தவிர, டைமிங் மாறாது.

எலெக்ட்ரானிக் இக்னிஷனில் சுழலும் காந்தமும் பிக்கப் காயிலும் சிக்னல் தர, எப்போது ஸ்பார்க் என்பதை பாக்ஸ் முடிவு செய்கிறது. தேய்மானம் இல்லை. ஆனால் பழைய அனலாக் வகைகளில் வோல்டேஜ் 10 வோல்ட் அளவுக்கு இறங்கினால் டைமிங்கே தடுமாறும். பின்னாளில் வந்த டிஜிட்டல் வகைகள் இதை ஓரளவு தாங்கும். கிக் அடிக்கும் நேரத்தில் முழுப் பாரமும் பேட்டரி மேல்தான். ஹெட்லைட் எரிந்தும் ஹார்ன் அடித்தும் காட்டுவதால் மட்டும் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது.

முதலில் எதைப் பார்ப்பது?

• நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். மல்டிமீட்டரை பேட்டரியில் மட்டும் வைத்தால் போதாது. சாவியை ஆன் செய்து, பாக்ஸுக்கு வந்துசேரும் வோல்டேஜையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், சாவி ஸ்விட்ச், கில் ஸ்விட்ச், பியூஸ், எர்த் இணைப்பு எதிலாவது துரு இருக்கலாம்.

• இந்த பைக்குகளில் பெரும்பாலும் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் பாக்ஸ் காலி.

• ரெசிஸ்டர் இல்லாத பிளக் கேப், பாக்ஸைக் குழப்பலாம்.

• டைமிங்கை, இன்ஜின் ஓடும்போது ஸ்ட்ரோப் லைட் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

உதைப்பதிலும் முறை உண்டு. சாவியைப் போடாமல், கிளட்ச்சைப் பிடித்து இரண்டு மூன்று முறை மிதித்தால் ஒட்டிய பிளேட்டுகள் விடுபடும். பிறகு கிக்கரை மெல்ல அழுத்தி, கனமாகத் தடுக்கும் இடத்தைத் தாண்டவிட்டு, சாவியைப் போட்டு, பாதியில் நிறுத்தாமல் முழு வீச்சில் மிதிக்க வேண்டும். செருப்புக் காலோடு வேண்டாம், பூட்ஸ் கட்டாயம்.

பிரிட்டனில் பிறந்து 1955 முதல் சென்னையிலும் உருவான புல்லட்டின் பழைய மாடல்களில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். புது பாக்ஸுக்குப் பணம் செலவழிப்பதற்கு முன், பேட்டரியையும் எர்த் வயரையும் பார்த்துவிடுங்கள்.