கடித்தது எட்டுக்கால் பூச்சிதானா?

மழைக்காலத்தில் லயங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பேச்சு எங்கள் காதில் விழும். “எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருச்சுங்க” என்பார்கள். சொல்பவரின் கழுத்திலோ கன்னத்திலோ தீயால் கோடு இழுத்ததுபோல சிவந்து கொப்புளித்திருக்கும். அதன்மேல் சுண்ணாம்போ சாம்பலோ பூசியிருப்பார்கள்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம். எட்டுக்கால் பூச்சியின் மூத்திரம் பட்டுக் கொப்புளம் வருவதில்லை. அந்தக் கோட்டைப் போடுவது ஒரு சின்ன வண்டு. எறும்பைப் போல நீண்ட உடம்பு, கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி இருக்கும். மழை விட்ட இரவில் விளக்கைத் தேடி வரும். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கத்தில் தேய்த்து நசுக்குகிறோம். அதன் உடம்பிலுள்ள நீர் தோலை எரிக்கிறது. எரிச்சல் உடனே தெரியாது, மறுநாள்தான் தெரியும். அதனால்தான் பழி சுவரில் இருக்கும் எட்டுக்கால் பூச்சிமேல் விழுகிறது. வண்டு மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

சரி, விஷமுள்ள சிலந்தி நம் வீட்டில் இல்லையா? உண்மையில் ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் கொஞ்சம் விஷம் உண்டு. இல்லாவிட்டால் அது ஈயையும் கரப்பானையும் எப்படிப் பிடித்துத் தின்னும்? ஆனால் பெரும்பாலானவற்றின் பல் நம் தோலில் இறங்காது. இறங்கினாலும் அந்த விஷம் மனுசனுக்குப் போதாது. சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டதும் பக்கவாட்டில் ஓடுமே, அந்தப் பெரிய பழுப்புச் சிலந்தி, சிலசமயம் வயிற்றுக்கடியில் வெள்ளைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதைக் கண்டுதான் பிள்ளைகள் அலறுகிறார்கள். அந்தப் பொட்டலம் அதன் முட்டைப்பை. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், கொஞ்ச நேரம் வலிக்கும், அவ்வளவுதான். இரவில் கரப்பான் வேட்டை ஆடுவது அதுதான். எங்களைக் கேட்டால் அதை அடிக்க வேண்டாம் என்போம். கூரை மூலையில் ஒட்டடை கட்டும் நீளக்கால் சிலந்தியும், சுவரில் தாவித் தாவி ஈ பிடிக்கும் குட்டிச் சிலந்தியும் நமக்கு ஒரு தீங்கும் செய்யாதவை.

கவனிக்க வேண்டியவை இரண்டு இனங்கள்.

ஒன்று, சிங்களத்தில் ‘திவி மக்குளுவா’ எனப்படுவது, அதாவது சிறுத்தைச் சிலந்தி. இந்த இனம் உலகிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டும்தான் உண்டு. இதில் மலைநாட்டுக்கென்று ஒரு வகையும், தாழ்ந்த ஈரப் பகுதிக்கென்று வேறொரு வகையும் இருக்கின்றன. வளர்ந்தது கால்களை விரித்தால் நம் உள்ளங்கையை மறைத்துவிடும். உடம்பெல்லாம் ரோமம், சாம்பலும் கறுப்பும் கலந்த கோலம். சீண்டினால் முன்கால்களைத் தூக்கும், அப்போது அடிப்பக்கத்தில் மஞ்சள் தெரியும். மரப்பொந்திலும் பட்டைக்கடியிலும் இருப்பது இதன் பழக்கம். பழைய மரத்தை வெட்டும்போதும், விறகோடு சேர்ந்தும், சிலசமயம் தானாகவும் வீட்டுக்குள் வந்துவிடும். கடித்தால் நல்ல வலி இருக்கும், இடம் வீங்கிச் சூடேறும். சில மணி நேரம் கழித்துக் கை, கால், நெஞ்சுத் தசைகள் இழுத்துப் பிடிக்கலாம். இந்தப் பிடிப்பு நின்றுவிட்டு நாட்கள் கழித்தும் திரும்பி வரலாம் என்பதால் பயந்துவிடாதீர்கள், ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கென்று விஷமுறிவு ஊசி கிடையாது. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும்தான் மருந்து கொடுப்பார்கள், குணமாகிவிடும்.

மற்றது உருவில் சிறியது, விதவைச் சிலந்தி என்று பெயர். வயிறு பட்டாணிக் கடலை போல உருண்டையாக, பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். வயிற்றின் அடியில் உடுக்கை போன்ற செம்மஞ்சள் அல்லது சிவப்பு அடையாளம் இருந்தால் அதுதான். பழுப்பு வகையின் முட்டைப்பை முள்ளு முள்ளாக இருக்கும் சின்ன உருண்டை. பூச்சட்டி விளிம்பு, கதிரைக்கடி, கைவிட்ட வாளி போன்ற இடங்களில் ஒழுங்கில்லாத வலை பின்னியிருக்கும். பழுப்பு வகை கடித்தால் பெரும்பாலும் அந்த இடத்து வலியோடு முடிந்துவிடும். வலி மேலே ஏறி, வயிறு கல்லாகப் பிடித்து, வியர்த்துக் கொட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் எங்களுக்கு உண்மையில் பயமாக இருப்பது இந்த இரண்டும் அல்ல. ‘எட்டுக்கால் பூச்சிதானே’ என்று வேறொன்றை விட்டுவிடுகிறோமே, அதுதான் பயம்.

தரையில் பாய் போட்டுப் படுத்தவர் நடுராத்திரி “என்னமோ பூச்சி கடிச்சிருச்சு” என்று எழும்புகிறார். பார்த்தால் தடிப்பில்லை, பெரிய வலியுமில்லை. திரும்பப் படுத்துவிடுகிறார். விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. கடித்தது கட்டுவிரியன், சிங்களத்தில் கரவலா. அதன் பல் அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் போன்ற தாழ்ந்த தோட்டங்களில் இதை மறக்கவே கூடாது. இரவில், தரையில் படுத்திருந்தவரை, எது கடித்தது என்று தெரியாவிட்டால், பாம்பு என்றே எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கொழுந்து மலையிலும் வீட்டு வாசலிலும் கோப்பி விரியன் உண்டு. குணகட்டுவா என்றால் எல்லாருக்கும் தெரியும். சருகுக்குள் கைபட்டதும் சுருக்கென்று குத்தும், அது என்னவென்று பார்க்காமலே பூச்சி என்று விட்டுவிடுவார்கள். இதன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கவும், இரத்தம் உறையாமல் செய்யவும் கூடியது. இந்தியாவிலிருந்து வரும் பாம்பு விஷமுறிவு ஊசி இதற்குப் பலிக்காது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் தங்கி, இரத்தத்தையும் மூத்திரத்தையும் சோதிப்பது அவசியமாகிறது.

இன்னொன்று, இடுப்பிலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது. கூடவே நல்ல காய்ச்சலும் தலைவலியும். இது புல், புதரிலுள்ள மிகச் சிறிய உண்ணிக் குஞ்சு கடித்து, பத்து நாள் அளவில் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். மலைநாட்டில் இருக்கிற வியாதிதான். டொக்சிசைக்ளின் என்ற மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் சீக்கிரம் மாறும், தாமதித்தால் நெஞ்சையும் மூளையையும் தாக்கும். பொருக்கு மறைவான இடத்தில் இருப்பதால் பெண்கள் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். தாய்மாரே, அதை மட்டும் மறைக்காமல் காட்டுங்கள். அதேபோல உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் போட்டு எரிந்தால் அது அக்கி. முதல் 3 நாளுக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் உண்டு. கண்ணோரம் வந்தால் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது.

எது கடித்தாலும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வளையல் மோதிரத்தைக் கழற்றி, கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். வலிக்குப் பெனடோல் போதும். அஸ்பிரின் வகை குடித்தால், கடித்தது பாம்பாக இருந்தால் இரத்தக் கசிவு கூடும். கடித்ததைப் பிடிக்கப் போய் இன்னொரு கடி வாங்காதீர்கள். போன் இருந்தால் தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள், டாக்டருக்கு அது உதவும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்துக்கு ஏறும் பாதை மோசமென்றால் நோயாளியை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வந்து நில்லுங்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் போனில் தெளிவாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் செய்யக்கூடியவை சில உண்டு. விறகைப் படுக்கும் காம்பராவில் அடுக்காதீர்கள், இஸ்தோப்பின் ஓரத்தில் வையுங்கள். மலைக்குப் போகுமுன் சப்பாத்தையும் படங்கையும் உதறுங்கள். கட்டில் இல்லாவிட்டாலும் நுளம்பு வலையைப் பாய்க்கடியில் செருகிப் படுத்தால் பாம்பும் பூச்சியும் கிட்ட வருவது குறையும். சுவர் வெடிப்பையும் கதவுக்கடி இடைவெளியையும் அடைப்பது குடியிருப்பவரின் வேலை மட்டுமல்ல. காம்பரா நம்பரோடு எழுதித் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள், கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.