வானசாஸ்திரிகளை ஏமாற்றிய நட்சத்திரம்!

சூரியனை விட்டால் நமக்கு மிக அருகே இருப்பவை ஆல்பா சென்டாரி கூட்டத்தைச் சேர்ந்த மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்கு அடுத்தது பெர்னார்டு நட்சத்திரம். தூரம் சுமார் 6 ஒளி ஆண்டு. பக்கத்து வீடு என்றே சொல்லலாம். ஆனால் வெறுங் கண்ணுக்குத் தெரியாது!

காரணம், அது ஒரு சிவப்புக் குள்ளன். எடை, சூரியனில் ஆறில் ஒரு பங்கு. வெளிச்சம், சுமார் 300-ல் ஒரு பங்குதான்.

1916-ம் ஆண்டில் அமெரிக்க வானசாஸ்திரி எட்வர்டு எமர்சன் பெர்னார்டு, பழைய போட்டோ ஒன்றைப் புதிய போட்டோவுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. வானத்தில் இத்தனை வேகமாக நகரும் நட்சத்திரம் வேறு கிடையாது. 180 ஆண்டில் முழு நிலவின் அகலத்தைக் கடந்துவிடும்!

இந்த நட்சத்திரத்தின் மீது மோகம் கொண்டவர் பீட்டர் வான் டி காம்ப். ஹாலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1938 முதல், ஸ்பிரவுல் வானிலைக் கூடத்து டெலஸ்கோப்பில் அதை ஆண்டுதோறும் போட்டோ எடுத்து வந்தார். கண்ணாடித் தகடுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. அவற்றில் நட்சத்திரம் இம்மி அளவு தள்ளாடுவது தெரிந்தது. "கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இழுக்கிறது" என்று 1963-ல் அறிவித்தார். வியாழனைவிடப் பெரிய கிரகம்! உலகமே நம்பியது.

பத்தே ஆண்டுகள்தான். 1973-ல் ஜார்ஜ் கேட்வுட் என்பவரும் ஹைன்ரிச் ஐக்கார்னும் வேறு டெலஸ்கோப்புகளின் படங்களை அளந்து பார்த்தார்கள். தள்ளாட்டமே இல்லை! பிறகு விஷயம் வெளிவந்தது. ஸ்பிரவுல் டெலஸ்கோப்பின் லென்சைச் சரிப்படுத்திய சமயங்களில்தான் படத்தில் மாறுதல் உண்டாகியிருந்தது. வேறு நட்சத்திரமும் அதே சமயத்தில் 'ஆடி'யிருந்தது. ஆட்டம் வானத்தில் அல்ல, லென்சில்!

வான் டி காம்ப் இதைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. 1995 மே மாதம் 93-வது வயதில் காலமானார். ஐந்தே மாதத்தில், சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தை சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பாவம், கிழவருக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

பெர்னார்டு நட்சத்திரம் மறுபடியும் ஏமாற்றியது. 2018-ல், 233 நாளில் சுற்றும் கிரகம் இருப்பதாக ஒரு குழு சொன்னது. 2021-ல் அதுவும் பொய்த்தது. நட்சத்திரத்தின் மேற்பரப்பில் நடந்த மாறுதல்தான் கிரகம் போல் காட்டியதாம்.

இப்போது போட்டோவை நம்புவதில்லை. கிரகம் இழுக்கும்போது நட்சத்திரம் நம் பக்கம் சற்று வரும், பின் விலகும். அப்போது அதன் ஒளி நிறம் மாறுவதை நுட்பமான கருவிகள் அளக்கின்றன. இங்கே அந்த வேகம் வினாடிக்கு அரை மீட்டர்தான். மனிதன் நடப்பதைவிடக் குறைவு!

இம்முறையில் 2024-ல் சிலி நாட்டிலுள்ள டெலஸ்கோப் ஒரு கிரகத்தைப் பிடித்தது. 2025-ல் ஹவாய் தீவிலிருந்து பார்த்தவர்கள், மொத்தம் நான்கு என்று உறுதிசெய்தார்கள். நான்கும் குட்டிக் கிரகங்கள். பெரியதே பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஏழு நாளுக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகின்றன. அதாவது, அங்கே ஓர் 'ஆண்டு' என்பது நமக்கு ஒரு வாரம்கூட இல்லை! நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றுவதால் கடும் உஷ்ணம். முதலில் கண்ட கிரகத்தில் சுமார் 125 டிகிரி. உயிர் வாழ வழியில்லை.

நட்சத்திரமோ நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. வேகம் வினாடிக்கு 110 கிலோ மீட்டர். சுமார் பத்தாயிரம் ஆண்டு கழித்து 4 ஒளி ஆண்டுக்கும் குறைந்த தூரத்துக்கு வந்துவிடும். அப்போதும் வெறுங் கண்ணுக்குத் தெரியாது!