நகராட்சி இன்ஜினீயர் கையில் நம் ஊர்த் தராசு

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதச் செய்தி ஒன்று வணிகப் பெருமக்களுக்கு நினைவிருக்கலாம். வேலூர் மாநகரில் ஒரு தெருவில் சிமெண்ட் சாலை போட்டார்கள். ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிளை நகர்த்தவில்லை. காலையில் பார்த்தால், வண்டியின் சக்கரங்கள் கான்கிரீட்டுக்குள் புதைந்து கிடந்தன. அதே ஆண்டில், அதே மாநகரில், அடிபம்பு ஒன்றையும் சேர்த்துக் கான்கிரீட் கொட்டிக் கால்வாய் கட்டினார்கள். படங்கள் நாடு முழுவதும் பரவின. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகு நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். வேலை தெரிந்த ஒரு இன்ஜினீயர் கடைசி வரை பக்கத்தில் நின்றிருந்தால் இப்படி நடக்குமா? நடக்காது. அப்படியானால் நம் நகராட்சியில் இன்ஜினீயர் என்பவர் யார்? அவர் என்ன வேலை செய்கிறார்? அவருக்கும் நம் கடைக்கும் என்ன சம்பந்தம்?

யார் இவர்?

நகராட்சி என்றதும் நமக்கு ஞாபகம் வருபவர்கள் லைசென்ஸ் கேட்டு வருபவர், தொழில் வரி வசூலிப்பவர், சுகாதார ஆய்வாளர், வார்டு கவுன்சிலர். இன்ஜினீயரை நாம் அதிகம் கண்டுகொள்வதில்லை. ஆனால் கடைக்கு முன்னால் உள்ள சாலை, கால்வாய், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் அவர் பொறுப்புதான்.

சிவில் பட்டப்படிப்பு முடித்துப் போட்டித் தேர்வு எழுதி உதவிப் பொறியாளராக வருகிறார்கள். டிப்ளமோ படித்தவர்களும் இளநிலைப் பதவிகளில் இருக்கிறார்கள். கல்லூரியில் பாலம் கட்டவும் அணை கட்டவும் கணக்குப் போட்ட பிள்ளை, வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே உடைந்த குழாய்க்கு முன்னால் நிற்கிறது. காலை 6 மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று போன். மோட்டார் எரிந்திருந்தால் அதைக் கழற்ற ஆள் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு ஆபீஸ், மாலையில் கவுன்சிலர்களின் கேள்விகள். கடைவீதியில் பகலில் வேலை செய்தால் நம் வியாபாரம் கெடும் என்பதால், சாலை வேலை இரவில்தான் நடக்கும். அங்கேயும் அவர்தான் நிற்க வேண்டும். ஒரே ஆள் ஒரே இரவில் நான்கு தெருக்களில் நிற்க முடியாது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

அவருக்கும் ஒரு பேரேடு உண்டு

நமக்கு நாள்வழியும் பேரேடும் எப்படியோ, அப்படி அவருக்கு அளவுப் புத்தகம். ஆபீசில் எம்.புக் என்பார்கள். ஒரு வேலைக்கு முதலில் மதிப்பீடு போட வேண்டும். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, 1998-ஆம் ஆண்டு ஒளிவு மறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டப்படி டெண்டர், அதன் பின் பணி ஆணை. வேலை நடக்க நடக்க இன்ஜினீயர் டேப் பிடித்து நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து அந்தப் புத்தகத்தில் எழுதுகிறார். அவருக்கு மேலே உள்ளவர் சரிபார்க்கிறார். அதில் ஏறிய அளவுக்குத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். ஏறாத அளவுக்கு ஒரு பைசா கிடையாது.

இதை நம் கணக்கிலேயே பார்ப்போம். 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு சிமெண்ட் சாலை என்றால் 60 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். கனம் 12 சென்டிமீட்டர்தான் என்றால் 48 கன மீட்டரில் வேலை முடிந்துவிடும். மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே சாலைதான். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சரக்கு இல்லை. 50 கிலோ என்று பில் போட்ட அரிசி மூட்டையில் 40 கிலோ இருந்தால் நாம் சும்மா இருப்போமா? மண்டியில் அன்றைக்கே பஞ்சாயத்து நடக்காதா? கான்கிரீட் கொட்டும்போது அளக்காவிட்டால், காய்ந்த பிறகு உடைத்துப் பார்க்காமல் உண்மை தெரியாது.

ஆகவேதான் சொல்கிறோம், ஊரின் தராசு அந்த இன்ஜினீயர் கையில் இருக்கிறது. நம் தராசுக்கு முத்திரை போட ஆண்டுதோறும் ஆள் வருகிறார்கள். அந்தத் தராசை யார் பார்க்கிறார்கள்?

தோல் பகுதியில் இரட்டைப் பொறுப்பு

மற்ற ஊர் இன்ஜினீயரை விட வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி இன்ஜினீயருக்கு ஒரு கவலை கூடுதல். அது தண்ணீர். தோல் தொழில்தான் நம் கடைகளை வாழவைக்கிறது. தொழிலாளிக்குச் சம்பளம் வந்தால்தான் நம் பாக்கி வசூலாகும். இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பைப் போடுகிறார்கள். கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் பாலாற்றுப் படுகையிலும் நிலத்திலும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையையும் நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே வேலூர்ப் பகுதி மாசு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது.

கிணற்று நீர் உப்பாகிவிட்ட ஊர்களுக்கு இன்று மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாய் வழியாக வருகிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் நம் தெருவில் குழாய் உடைந்து சாக்கடையில் ஓடாமல் காப்பது உள்ளூர் இன்ஜினீயர் வேலை.

இந்த உப்பு குடிநீரோடு நிற்பதில்லை, கட்டுமானத்தையும் தின்னும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு வரம்பு 2,000. ஒப்பந்தக்காரர் பக்கத்து போர்வெல்லில் டேங்கர் நிரப்பி வந்து கொட்டினால் யாருக்குத் தெரியும்? உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும். சில ஆண்டுகளில் கால்வாய் மூடி உடையும். அதன்மேல் நடப்பது நம் வாடிக்கையாளர். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், 15 சென்டிமீட்டர் கன அச்சில் கான்கிரீட் எடுத்து 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறவர் படித்த இன்ஜினீயர்தான். அவருக்குத் துணை நிற்பது நமக்கு லாபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடைக் குழியிலும் விஷவாயு தேங்கும். உரிய பாதுகாப்புச் சாதனங்களும் ஏற்பாடுகளும் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. "கடைக்கு முன்னால் அடைப்பு, உடனே ஆளை இறக்குங்கள்" என்று நாம் அவசரப்படுத்தினால், இன்ஜினீயரை நாமே குற்றம் செய்யத் தூண்டுகிறோம் என்று அர்த்தம்.

நாலு அங்குலமும் ஒன்பது அங்குலமும்

நாம் நேரில் கண்டது ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி ஊர் ஒன்றில் மழை பெய்தாலே கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பருப்பு மூட்டைகளும் சர்க்கரை மூட்டைகளும் நனைந்தன. பத்துப் பேர் சேர்ந்து நகராட்சிக்குப் போய்ச் சத்தம் போட்டோம். புதிதாக வந்திருந்த உதவிப் பொறியாளர், இருபத்தாறு வயதுப் பையன், எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் மட்டம் பார்க்கும் கருவியோடு வந்தார். வெயிலில் மூன்று மணி நேரம் அளந்தார்.

பிறகு எங்கள் பெரியவரிடம் சொன்னார்: "ஐயா, கால்வாய் கட்டியதில் வாட்டம் தப்பு. கீழ்க்கோடி நாலு அங்குலம் உயர்ந்திருக்கிறது. ஆனால் உங்கள் வரிசையில் மூன்று கடைகளின் படி கால்வாய்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் ஒன்பது அங்குலம் மண். எங்கள் நாலு அங்குலத்தை நான் சரிசெய்யச் சொல்லி எழுதுகிறேன். உங்கள் ஒன்பது அங்குலத்தை நீங்கள் எடுப்பீர்களா?"

யாரும் பேசவில்லை. பெரியவர்தான் முதலில் தன் படியை உடைத்தார். மற்ற இருவரும் ஒரு வாரம் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு இறங்கி வந்தார்கள். நகராட்சியும் வாட்டத்தைத் திருத்தியது. அந்த ஐப்பசியில் கடைக்குள் தண்ணீர் வரவில்லை. அந்தத் தம்பி மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது போய்ப் பார்த்தால் ஒரு படி மீண்டும் முளைத்திருக்கிறது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

சாலை மட்டமும் இப்படித்தான். பழைய சாலைமேல் புதிய சாலை என்று போட்டுப் போட்டுப் பல கடைகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். இது தெரிந்தால்தான் நம் தெருவில் வேலை தொடங்கும்போது கேட்க முடியும்.

நம் பிள்ளைகள் ஏன் போகவில்லை?

வேலூரில் 1984-இல் தொடங்கிய வி.ஐ.டி. இருக்கிறது. 1990-இல் தொடங்கிய தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பி.இ. முடிக்கிறார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். நகராட்சி வேலை என்றால் முகம் சுளிக்கிறார்கள். "அங்கே நேர்மையாக இருக்க முடியாது" என்று நாமே சொல்லித்தான் வளர்க்கிறோம்.

நெருக்கடி இல்லை என்று சொல்ல மாட்டோம். ஒரு பக்கம் ஒப்பந்தக்காரர், ஒரு பக்கம் கவுன்சிலர், ஒரு பக்கம் நாம். 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி வரை தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. கேட்க ஆள் இல்லாத அந்த ஐந்தாண்டுக்கு மேலான காலத்திலும் தண்ணீர் திறந்துவிட்டவர்கள் இவர்களும் இவர்களின் கீழ் உள்ள ஊழியர்களும்தான்.

இந்த வேலைக்குப் பெருமையும் உண்டு. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் சாக்கடை நாற்றம் தாங்காமல் லண்டன் நகரமே திணறியது. அங்கே பாதாளச் சாக்கடை அமைத்தவர் பாசல்ஜெட் என்ற நகர நிர்வாக இன்ஜினீயர். சரக்கு எடுக்க தி.நகர் போகும் நம்மவர்கள் மேட்லி சாலையைக் கடந்திருப்பார்கள். அந்த மேட்லி, சென்னை மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர். 1914-இல் திறந்த கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் அவர் காலத்து வேலை. ஒரு நூற்றாண்டு கடந்தும் ஊர் அவர் பெயரைச் சொல்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, நம் தெருவில் வேலை தொடங்கினால் நீளம், அகலம், கனம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைப்போம். சொல்ல மறுத்தால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்து மதிப்பீட்டு நகலும் அளவுப் புத்தக நகலும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வேலையைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி பெறவும்கூட அச்சட்டம் உரிமை தருகிறது.

இரண்டாவது, இரவு வேலை நடக்கும்போது தெருவுக்கு இருவர் முறை வைத்து விழித்திருப்போம். இன்ஜினீயருக்கு அது நான்கு கண்கள். வண்டிகளையும் நாமே ஓரம் கட்டிவிடுவோம்.

மூன்றாவது, போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் விட்டு கியூரிங் செய்ய வேண்டும். லோடு இறக்க வேண்டும் என்று மூன்றாம் நாளே மினி லாரியை ஏற்றச் சொல்லி நெருக்குபவர்கள் பெரும்பாலும் நாமே. அந்த வாரம் தள்ளுவண்டியில் சரக்கு எடுப்போம்.

நான்காவது, கால்வாய்மேல் உள்ள படியை நாமே எடுப்போம்.

ஐந்தாவது, பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது கடையை ஒரு மணி நேரம் பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போய்க் கேட்போம்.

கடைசியாக ஒன்று. சரியாக அளந்து எழுதும் இன்ஜினீயருக்கு நெருக்கடி வரும்போது, "நமக்கென்ன" என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போகாமல், சங்கமாகச் சேர்ந்து அவர் பக்கம் நிற்போம். நம் வீட்டில் சிவில் படித்த பிள்ளை இருந்தால், அந்தத் தேர்வை எழுதச் சொல்வோம். எடை குறையாமல் நிறுத்துக் கொடுக்கும் கடையில் வளர்ந்த பிள்ளைக்கு, ஊர்த் தராசைப் பிடிக்கத் தனியாகப் பாடம் தேவையில்லை.