கார்ட்லெஸ் கருவிக்கு மாற்று பேட்டரி: எதைப் பார்த்து வாங்குவது?

தென்காசி, செங்கோட்டை வட்டாரத்து மரவேலைகளிலும் வீட்டுக் கட்டுமானப் பணிகளிலும் பேட்டரியால் இயங்கும் டிரில், கிரைண்டர் போன்ற கருவிகள் இன்று பரவலாகப் புழங்குகின்றன. மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் சோகோ நிறுவனத்தின் முதலீட்டில் ‘கருவி’ என்னும் பெயரில் மின்கருவித் தயாரிப்பே தென்காசியில் வேரூன்றியிருக்கிறது. ஆயினும் கருவியின் மோட்டார் நெடுங்காலம் உழைக்க, அதன் பேட்டரி சில ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடுவதால், மாற்று பேட்டரி வாங்கும் தேவை ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. அப்போது விலையையும் மேலே ஒட்டிய எண்ணையும் மட்டும் நம்புவோர் பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

பேட்டரி என்பது ஒரே பொருளன்று. ‘செல்’ எனப்படும் சிறு உருளைகள் பலவற்றை இணைத்த தொகுப்பு அது. லித்தியம் அயனி செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட் என்பதால், ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட் கிடைக்கிறது; முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தொடுவதால் அதே தொகுப்பு 21 வோல்ட் காட்டுகிறது. ஆகவே 18, 20, 21 என வெவ்வேறு எண்களுடன் விற்கப்படுபவை பெரும்பாலும் ஒரே ஐந்து செல் அமைப்பே. அதே அமைப்பில் 48 என்றோ 88 என்றோ எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கும் மின்னழுத்தத்துக்கும் தொடர்பில்லை. மின்னழுத்தம் ஒத்திருந்தாலும், பொருத்தும் பள்ளமும் மின்முனைகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், கருவியின் மாதிரி எண்ணைச் சரிபார்த்தே வாங்க வேண்டும்.

மின்னழுத்தத்தைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது கொள்திறன். எவ்வளவு மின்னோட்டத்தை எவ்வளவு நேரம் தர முடியும் என்பதைக் குறிக்கும் அலகு ஆம்பியர்-மணி. அதை வோல்ட்டால் பெருக்கினால் சேமித்த ஆற்றல் வாட்-மணியில் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் 36 வாட்-மணியும், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் 72 வாட்-மணியும் உண்டு. பின்னதில் பொதுவாக ஐந்து ஐந்தாகப் பத்து செல்கள் இருப்பதால், சுமை அவற்றிடையே பகிரப்பட்டு, கிரைண்டர் போன்று மின்னோட்டத்தை மிகுதியாக இழுக்கும் கருவிகளிலும் அழுத்தம் எளிதில் சரிவதில்லை. திருகாணி முடுக்க மட்டும் பயன்படும் டிரில்லுக்கோ, எடை குறைந்த சிறிய பேட்டரியே கைக்கு நலம். பரவலாகப் பயன்படும் 18650 வகைச் செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அதன் மிகத் தரமான வகைகளே ஏறத்தாழ 3.5 ஆம்பியர்-மணியைத்தான் தாங்கும். எனவே அத்தகைய ஐந்து செல்கள் மட்டுமே அடங்கும் சிறிய பெட்டியில் ‘6 ஆம்பியர்-மணி’ என்றிருந்தால் அது பொய். ஒரு செல்லின் எடை சுமார் 45 கிராம் ஆதலால், பத்து செல்கள் இருப்பதாகச் சொல்லப்படும் பேட்டரி, செல்களின் எடையாக மட்டும் 450 கிராமேனும் கனக்க வேண்டும். கடைத் தராசே இதைக் காட்டிக்கொடுக்கும்.

விலை மலிந்த பேட்டரிகளில் பெரும்பாலும் குறைக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத காப்புச் சுற்றுதான். செல்கள் அளவுமீறிச் சார்ஜ் ஆவதையும், அடியோடு வடிவதையும், சூடேறுவதையும் கண்காணித்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும் அச்சுற்று இல்லையேல் தீ விபத்தே நேரலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16046 தரத்தின்படி கட்டாயப் பதிவு பெற்றதற்கு அடையாளமான, ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உறையில் உள்ளதா என்று பார்ப்பது இதனால் இன்றியமையாதது. பழைய உறையில் புதிய செல்களை மாற்றித் தருவோரிடம், ஒரே வகைச் செல்களை ஸ்பாட் வெல்டிங் முறையில் இணைப்பார்களா என்று கேட்டறிவது நல்லது. ஈயப் பற்றவைப்பின் சூடு செல்லைச் சேதப்படுத்தும். நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கான பழைய சார்ஜரில் லித்தியம் பேட்டரியை ஒருபோதும் செருகக் கூடாது.

குற்றாலத்தில் சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஈரம் மின்முனைகளில் படிந்து களிம்பேற்றுவதால், பேட்டரியைக் கருவியிலிருந்து கழற்றி மூடிய பெட்டியில் வைப்பதும், நெடுநாள் பயன்படுத்தாதபோது பாதியளவு சார்ஜில் வைத்திருப்பதும் அதன் ஆயுளைக் கூட்டும். கோடையில் வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் விட்டுவைத்த பேட்டரியை, சூடு தணியுமுன் சார்ஜில் போடுவது செல்களை விரைவில் நலிவிக்கும். பயன் முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியிருப்பதால், மின்முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, விற்ற கடையிலோ சேவை மையத்திலோ அதைக் கேட்டு ஒப்படைக்கலாம்.