மரையாணி இல்லாத சந்தி

1927இல் திறக்கப்பெற்ற திருகோணமலை இருப்புப்பாதையின் ‘தடக் தடக்’ ஓசையைக் கப்பல்துறையில் கேட்டு வளர்ந்தவன் யான். தகடும் மரையாணியும் கொண்டு பிணைத்த தண்டவாளத் துண்டுகளிடையே, வெயிலில் நீள்வதற்கென விட்ட சந்துகளிற் சில்லுகள் மோதும் ஒலி அது. சந்து இன்றேல் இரும்பு நெளியும் என்றே கற்பித்துவந்தேன்.

“சந்தின்றி ஒட்டிய பாதையும் உண்டே, ஐயா!” என்றான் ஒரு மாணவன்.

தேடிப் படித்தேன். செருமானியரான ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட், அலுமினியப் பொடியையும் இரும்பு ஒட்சைட்டையும் கலந்து எரித்து உருகிய இரும்பைப் பெறும் முறைக்கு 1895இல் உரிமம் பெற்றார். அவ்வுருக்கை வார்ப்பச்சில் ஊற்றி, 1899இல் எசென் நகரத் திராம் தண்டவாளங்களை ஒட்டினர். இரு முனையும் உருகி ஒன்றாதலின், நிலைமொழி எது, வருமொழி எது என்று எம்மனோர் பிரித்துக் காட்டவும் இயலாது!

அங்ஙனம் ஒட்டிய நெடும்பாதை நெளியாதது ஏன்? குறுக்குக் கட்டைகளும் சரளைக்கல்லும் இறுகப் பற்றி நீளவொட்டாமல் தடுக்கின்றன. வெப்பத்தின் விசை இரும்பினுள்ளேயே அடங்குகிறது. சரளை தளர்ந்தாலோ, கடுவெயிலிற் பாம்பெனக் கோணும்.

மறுநாள் வகுப்பில் என் பாடத்தைத் திருத்தினேன்.